வெள்ளை எலிக்கு எந்தக் கூளம்?

பெரம்பலூர் மாவட்டத்திலிருந்து ஒரு விவசாயி எழுதியிருக்கிறார். மூன்று ஏக்கரில் மக்காச்சோளம், ஏரிப் பாசனத்தில் கொஞ்சம் நெல். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகன், வண்ண மீன் விற்கும் கடையிலிருந்து இரண்டு வெள்ளை எலிகளை வாங்கி வந்துவிட்டான். பரணில் கிடந்த பழைய மீன் தொட்டியை இறக்கி, அரிசி ஆலை உமியைப் பரப்பி, மேலே பலகையை மூடி, காற்றுக்காகப் பலகைக்கு அடியில் ஒரு குச்சியைச் சொருகியிருக்கிறார்கள். தொட்டி இருப்பது நெல் மூட்டை அடுக்கிய அறையில். ஒரு மாதத்தில் இரண்டு ஒன்பதாகிவிட்டது. இப்போது பெரிய எலிகளில் ஒன்று மூச்சு விடும்போது 'கிட் கிட்' என்று சத்தம் கேட்கிறதாம். மயிரைச் சிலிர்த்துக்கொண்டு மூலையில் கூனி உட்கார்ந்திருக்கிறதாம். பையன் சரியாகச் சாப்பிடுவதில்லை. "வயலில் எலிக்கு விஷம் வைக்கிறவன் வீட்டில் எலிக்கு வைத்தியம் கேட்கிறேன், சிரிக்காதீர்கள்" என்று கடிதத்தை முடித்திருக்கிறார். உமி சரியா, மரத்தூள் சரியா என்பதுதான் அவருடைய கேள்வி.

சிரிக்க இதில் ஒன்றுமில்லை. வயலில் வரப்பைத் தோண்டும் அகழான் வேறு, மகன் உள்ளங்கையில் வைத்திருக்கும் பிராணி வேறு. பெயரிலேயே ஒரு குழப்பம் உண்டு. கிராமத்தில் 'வெள்ளெலி' என்று சொல்வது மானாவாரிக் காட்டில் வளை தோண்டி வாழும், வயிறு வெளுத்த, வாலில் குஞ்சம் வைத்த எலியை. கடையில் விற்கும் வெள்ளை எலி அதுவல்ல. வீட்டுச் சுண்டெலியின் இனத்தைச் சேர்ந்ததுதான் அது. பல தலைமுறையாகக் கூண்டிலேயே பெருக்கி, வெள்ளை நிறத்துக்கும் சாந்த குணத்துக்கும் தேர்ந்தெடுத்தது. எடை 20 முதல் 40 கிராம். நன்றாகப் பார்த்துக்கொண்டால் ஒன்றரை ஆண்டிலிருந்து இரண்டரை ஆண்டு வரை இருக்கும்.

முதலில் அந்தச் சத்தம். அது மூச்சுப்பாதை நோயின் அறிகுறி. கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். கோழிக்கு வாங்கி வைத்த மருந்தில் மிச்சம் இருக்கிறதே என்று தண்ணீரில் கலந்து வைப்பது வேண்டாம். முப்பது கிராம் உடம்புக்கு எத்தனை சொட்டு என்பது கண்ணளவில் தீர்க்கும் கணக்கல்ல. ஆனால் மருந்து மட்டும் கொடுத்து, அதே தொட்டியில் அதே உமியில் திரும்ப விட்டால் சத்தம் திரும்பி வரும். நோய்க்கு வழி விட்டது தொட்டியும் உமியும் சேர்ந்துதான்.

கோழிப் பண்ணை வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஆழ்கூளம் நனைந்துபோன கொட்டகைக்குள் காலையில் நுழைந்தால் கண் எரியும். அது அமோனியா. எச்சத்திலும் சிறுநீரிலும் உள்ள தழைச்சத்தை நுண்ணுயிரிகள் சிதைக்கும்போது இந்த வாயு வருகிறது. ஈரமும் வெப்பமும் இருந்தால் வேகமாக வரும். கொட்டகைக் காற்றில் பத்து லட்சத்தில் 25 பங்கைத் தாண்டக் கூடாது என்பது பண்ணைகளில் பொதுவாகச் சொல்லும் அளவு. எலிக்கும் இதே கதைதான். ஒரு வித்தியாசம், கொட்டகையில் மனிதன் நிற்கிறான். வாயு கிளம்பும் கூளத்துக்கும் அவன் மூக்குக்கும் நடுவே ஐந்தடி காற்று இருக்கிறது. எலியின் மூக்கு கூளத்துக்குள்ளேயே இருக்கிறது. அறைக்குள் நுழைபவருக்கு நாற்றம் தெரிகிறது என்றால், எலி சில நாளாகவே அதைச் சுவாசித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

அமோனியா மூச்சுக்குழாயின் உள்தோலை அரிக்கும். தூசியையும் கிருமியையும் வெளியே தள்ளும் நுண்ணிய மயிர்கள் அங்கே செயலிழக்கும். பல எலிகளின் மூச்சுப்பாதையில் மைக்கோபிளாஸ்மா என்ற நுண்ணுயிரி அடங்கிக் கிடப்பதுண்டு. கோழிக்கு நாள்பட்ட சுவாச நோய் தரும் கிருமிக்கு இது பங்காளி. காற்று சுத்தமாக இருக்கும்வரை அது சும்மா இருக்கும். அமோனியா வழி திறந்துவிட்டால் நுரையீரலுக்கு இறங்கிவிடும்.

பெரம்பலூர் வாசகரின் தொட்டியில் நடந்தது இதுதான். உமி தண்ணீரை உறிஞ்சாது. அதன் மேல் தோலில் மணல் சத்து எனப்படும் சிலிகா அதிகம்; ஒரு கைப்பிடி உமியைத் தண்ணீரில் போட்டு வெகுநேரம் கழித்துப் பார்த்தாலும் மிதந்துகொண்டிருக்கும். சிறுநீர் உமியின் இடுக்கு வழியாக இறங்கி, அடியில் கண்ணாடித் தரையில் தேங்கும். மேலே பார்த்தால் கூளம் காய்ந்து, பொன்னிறமாக, சுத்தமாகத் தெரியும். அடியில் கையை விட்டால் ஈரம். தொட்டியின் நான்கு கண்ணாடிச் சுவரும் மேல்பலகையும் காற்றை அசைய விடுவதில்லை. குச்சி சொருகிய இடுக்கு காற்றுக்குப் போதாது. எலி தப்பிக்கத் தாராளமாகப் போதும்.

அப்படியானால் உமியே கூடாதா? அப்படிச் சொல்ல முடியாது. நம் நாட்டில் ஆய்வுக்கூடங்களில் எலி வளர்க்கும் இடங்கள் பலவற்றில் நெல் உமிதான் கூளம். ஆனால் அங்கே உமியைத் தூசி போகச் சலித்து, நீராவி அழுத்தத்தில் கிருமி நீக்கி, அடிக்கடி மொத்தமாக மாற்றுகிறார்கள். வீட்டில் அப்படியே ஆலையிலிருந்து சாக்கில் கட்டி வரும் உமியில் தவிடும் குருணையும் கலந்திருக்கும். தவிடு ஈரம் பட்டால் பூசணம் பிடிக்கும், உண்ணிகளும் சேரும். உமியின் நுனியும் கூர்மை. பால் குடிக்கும் எலிக்குட்டி மயிர் முளைக்காத, கண் திறக்காத சதைத்துண்டு. அதற்கு உமி நேரடிப் படுக்கையாக ஆகாது. சலித்து, காயவைத்து, மேல் அடுக்காகப் போட உமி நல்லது. உறிஞ்சும் வேலைக்கு அடியில் வேறொன்று வேண்டும்.

அந்த வேறொன்று வாசகரின் களத்திலேயே கிடக்கிறது. மணி உதிர்த்த மக்காச்சோளக் கதிர்க்கட்டை. பெரும்பாலும் அடுப்புக்குப் போகிறது, அல்லது வரப்போரம் குவிந்து மழையில் நனைகிறது. வெளிநாட்டு ஆய்வுக்கூடங்களில் இதைப் பொடித்து, சலித்து, எலிக் கூளமாகவே விலைக்கு விற்கிறார்கள். ஈரத்தை நன்றாக உறிஞ்சும், அமோனியா எழுவதையும் மட்டுப்படுத்தும். தீவனம் அரைக்கும் இயந்திரத்தில் பெரிய கண் சல்லடை போட்டு, மாவாகாமல், மிளகு அளவுக்கு உடைத்துக்கொள்ள வேண்டும். பிறகு முறத்தில் புடைத்துத் தூசியை நீக்க வேண்டும். களத்தில் நனைந்து கறுத்த கட்டை, பச்சையாகவோ சாம்பல் நிறமாகவோ பூசணம் படர்ந்த கட்டை வேண்டவே வேண்டாம். மக்காச்சோளத்தில் வரும் பூசணங்களில் அஃப்ளடாக்சின் நஞ்சைச் சுரப்பவை உண்டு. எலி கூளத்தைக் கொறிக்கும் பிராணி என்பதை மறக்கக் கூடாது. இதே காரணத்தால் நிலக்கடலைத் தொலியையும் யோசித்துத்தான் எடுக்க வேண்டும். கோழிக்குஞ்சுக்குப் பலர் போடுகிறார்கள். ஆனால் பூசணம் இல்லாத தொலியைக் கண்ணால் பொறுக்கி எடுப்பது கடினம்.

மரத்தூள்தான் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது. பட்டறைக்காரரிடம் கேட்டால் இலவசமாகவே தருவார். சிக்கல் என்னவென்றால், அது எந்த மரத்தின் தூள் என்று அவருக்கே தெரியாது. காலையில் தேக்கு, மத்தியானம் வேம்பு, சாயங்காலம் பிளைவுட் என்று எல்லாம் ஒரே குவியலில் விழும். பிளைவுட் தூளில் பசை இருக்கிறது. தேக்குத் தூள் பட்டறைத் தொழிலாளர்களுக்கே தோல் அரிப்பும் தும்மலும் தருவது. பெட்டி கட்ட வரும் பைன் போன்ற வாசனை மரங்களில் ஆவியாகும் எண்ணெய்கள் உண்டு. அவை மூச்சுப்பாதையை உறுத்தும், ஈரலுக்கும் வேலை கொடுக்கும். தேவதாரு வகை இன்னும் மோசம். மரத்தின் மணம் அறையை நிறைக்கிறதே, நாற்றம் தெரியவில்லையே என்று சந்தோஷப்படுவது மனித மூக்கு மட்டும்தான். அறுவை வாளின் மாவுத்தூள் எந்த மரமாக இருந்தாலும் வேண்டாம். வாசனையில்லாத ஒரே மரத்தை இழைப்புளியில் சீவிய சுருள் கிடைத்தால், வெயிலில் காயவைத்து, தூசி உதறிப் போடலாம்.

தென்னை நார்க்கழிவு தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீரைப் பிடிக்கும். அதனால் அது மிகப் பொருத்தம் என்று தோன்றும். காய்ந்தால் அது பறக்கும் பொடி. நோய்வாய்ப்பட்ட மூச்சுப்பாதைக்கு அருகில் அதைக் கொண்டுவரக் கூடாது. வைக்கோல் உறிஞ்சாது, ஆனால் சுரங்கம் அமைக்க எலிக்கு மிகவும் பிடித்த பொருள். விரல் நீளத்துக்கு நறுக்கி மேலே போடலாம், சுனை அதிகமுள்ள ரகமாக இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

வீட்டிலேயே இருக்கும் இன்னொரு பொருளை யாரும் கணக்கில் எடுப்பதில்லை: காகிதம். பையன் எழுதி முடித்த நோட்டுத் தாள், முட்டை அட்டை, மை அச்சடிக்காத பழுப்பு அட்டைப்பெட்டி. கையால் கிழித்துப் போட்டால் உறிஞ்சும், தூசி இல்லை, கொறித்தாலும் கெடுதல் இல்லை. செய்தித்தாளின் மை வெள்ளை மயிரில் கறுப்பாக அப்பிக்கொள்ளும் என்பதால் அடியில் விரிக்க மட்டும் வைத்துக்கொள்ளலாம். உடல் சரியில்லாத எலிக்குச் சில வாரங்களுக்குக் காகிதம் மட்டுமே போடுவது நல்லது.

கூடு கட்டப் பஞ்சு வைப்பது பலருடைய வழக்கம். மருந்துக்கடைப் பஞ்சும் சரி, தோட்டத்து இலவம் பஞ்சும் சரி, வைக்கக் கூடாது. நீண்ட இழை குட்டியின் காலில் சுற்றி இறுகும், ரத்த ஓட்டம் நின்று கால் அழுகும். விழுங்கினால் குடலில் அடைக்கும். நூல் பிரியும் பழைய துணிக்கும் இதே ஆபத்து. மெல்லிய காகிதக் கைக்குட்டையை இரண்டாகக் கிழித்துப் போட்டால் போதும். ஓர் இரவில் எலி அதைப் பல்லால் கீறி, இழை இழையாக்கி, நடுவில் குழியும் மேலே கூரையும் வைத்துப் பந்து மாதிரி ஒரு கூடு கட்டியிருக்கும். பையன் பார்க்க வேண்டிய காட்சி அது.

ஆக, அடியில் இரண்டு விரற்கடை மக்காச்சோளக் கட்டை நொய். அதன் மேல் கிழித்த காகிதமும் சலித்த உமியும் நறுக்கிய வைக்கோலும் கலந்து நான்கைந்து விரற்கடை. மொத்தம் எட்டு, பத்து சென்டிமீட்டர் ஆழம் இருந்தால் எலி தோண்டும், ஒளியும், ஓடும். ஒரு சென்டிமீட்டர் கூளத்தில் அது வெறுமனே உட்கார்ந்திருக்கும்.

எலிக் கூளத்தின் வரலாற்றில் ஒரு விவசாயிக்கும் இடம் உண்டு. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கிரான்பி என்ற ஊரில் அப்பி லாத்ரோப் என்ற பெண்மணி, முன்னாள் ஆசிரியை, 1900-ஐ ஒட்டிக் கோழிப் பண்ணை வைத்தார். அது எடுபடவில்லை. பிறகு பிள்ளைகள் விளையாட வாங்கும் எலிகளை வளர்த்து விற்கத் தொடங்கினார். மரப்பெட்டியில் வைக்கோல் பரப்பி, ஓட்ஸ் தானியமும் ரொட்டியும் போட்டு வளர்த்தார். பெட்டி சுத்தம் செய்ய ஊர்ப் பிள்ளைகளுக்கு மணிக்கு 7 சென்ட் கூலி கொடுத்தார். அவர் வைத்திருந்த வம்சாவளிக் குறிப்பேடுகள் அவ்வளவு ஒழுங்காக இருந்ததால் ஆராய்ச்சியாளர்கள் அவரிடமே எலி வாங்க வந்தார்கள். உலக ஆய்வுக்கூடங்களில் இன்று மிக அதிகமாகப் பயன்படும் கறுப்பு எலி வம்சம், அவருடைய பண்ணையிலிருந்து போன 57-ஆம் எண் பெட்டை எலியின் வழி வந்தது. 1918-இல் இறந்தார். வைக்கோலும் மரப்பெட்டியும் அந்தக் காலத்துக்குச் சரி. இன்று மரப்பெட்டியைப் பரிந்துரைக்க முடியாது; பலகை சிறுநீரைக் குடித்துவிட்டு எவ்வளவு கழுவினாலும் விடாது, எலியும் ஒரு மூலையைக் கொறித்து வழி செய்துகொள்ளும்.

அப்படியானால் எதில் வைப்பது? துணி அடுக்கும் பெரிய பிளாஸ்டிக் பெட்டி, சுமார் 60 சென்டிமீட்டர் நீளம், 40 அகலம், 35 உயரம். மூன்று நான்கு பெட்டை எலிகளுக்கு அது போதும். மூடியின் நடுப்பகுதியையும், எதிரெதிர்ப் பக்கங்களில் ஒவ்வொரு சன்னலையும் வெட்டி எடுத்துவிட்டு, கால் அங்குலக் கண் உள்ள கம்பிவலையை உட்பக்கத்தில் வைத்து, வாஷர் போட்டுத் திருகாணியால் இறுக்க வேண்டும். வலையை வெளிப்பக்கம் வைத்தால் வெட்டிய பிளாஸ்டிக் விளிம்பு எலியின் பல்லுக்கு அகப்படும். பக்கச் சன்னல் கூள மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். எதிரெதிரே இரண்டு இருந்தால்தான் காற்று ஊடாகப் போகும். கொட்டகைக்குச் சொல்வது போலவே. முயல் கூண்டுக்கு வாங்கிய அரை அங்குல வலை மிச்சம் இருக்கிறது என்று அதை வைத்துவிடக் கூடாது. தலை நுழையும் இடுக்கில் எலி உடம்பையும் நுழைத்துவிடும். குட்டிகள் வரிசையாக வெளியே நடக்கும். காதல் பறவைக் கூண்டும் இதே காரணத்தால் ஆகாது. அடித்தளம் வலையாக இருக்கக் கூடாது, எலியின் பாதம் புண்ணாகும்.

மீன் தொட்டியைத் தூக்கி எறிய மனமில்லை என்றால், மேலே முழுவதும் வலை மூடி போட்டு, கூளத்தை இரண்டு மடங்கு அடிக்கடி மாற்றிப் பயன்படுத்தலாம். மூச்சு நோய் உள்ள எலிக்கு மட்டும் வேண்டாம்.

உள்ளே வைக்க வேண்டியவை கொஞ்சம்தான். வாசல் உடைத்த தேங்காய்ச் சிரட்டை, படுக்கவைத்த சிறு மண் கலயம், ஒரு துண்டு மரக்கிளை. தண்ணீர் கிண்ணத்தில் வேண்டாம், பெட்டியில் தொங்கவிடும் உருளை முனைப் புட்டியில் வைக்க வேண்டும். கிண்ணத்தில் வைத்தால் ஒரே இரவில் கூளத்தைத் தள்ளி நிரப்பிவிட்டு, மிச்சக் கூளத்தையும் நனைத்துவிடும்.

பெட்டியை எங்கே வைப்பது என்பது பெட்டியைவிட முக்கியம். கிராமத்து வீட்டில் முதல் எதிரி எறும்பு. பிறந்து இரண்டு நாளான குட்டிகளை எறும்பு மொய்த்தால் காலையில் மிஞ்சுவது எதுவுமில்லை. தின்பண்ட அலமாரிக்குச் செய்வது போல, பெட்டி வைக்கும் மேசையின் நான்கு காலையும் தண்ணீர் ஊற்றிய கிண்ணத்தில் வைத்து, மேசை சுவரைத் தொடாமல் நகர்த்திவிட வேண்டும். எறும்புப் பொடி தூவக் கூடாது. இரண்டாவது, பாம்பு. எலி வாசனை இருக்கும் இடத்தைத் தேடிச் சாரையும் வரும், நல்ல பாம்பும் வரும். திண்ணையிலோ மாட்டுக் கொட்டகையிலோ பெட்டியை வைத்தால், பையன் இரவில் டார்ச் எடுத்துக்கொண்டு எலி பார்க்கப் போகும் இடத்துக்கே பாம்பையும் அழைத்தது போல ஆகும். வீட்டுக்குள், வாசலில் இடுக்கு இல்லாத, காற்றோட்டமான அறையில் வைக்க வேண்டும். யாரும் படுத்துத் தூங்கும் அறையாக இருக்கக் கூடாது. எலிச் சிறுநீரின் புரதம் சிலருக்கு ஒவ்வாமை. வீட்டில் இழுப்பு உள்ளவர் இருந்தால், வளர்க்கலாமா என்பதையே மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

நெல் மூட்டை அறை நிச்சயமாக ஆகாது. மூட்டையைத் தேடி வீட்டு எலி வரும். அது வெள்ளை எலியின் கூண்டு மேல் ஏறி உட்கார்ந்து சிறுநீர் கழித்தால் கூளத்துக்குள் இறங்கும். எலிக்காய்ச்சல் கிருமி காட்டெலி, வீட்டெலிகளின் சிறுநீரில்தான் வெளியேறுகிறது. அந்தக் கூளத்தைக் கையால் அள்ளுவது பையன். கூளத்துக்கான வைக்கோலையும் கட்டையையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். போரின் அடியிலிருந்தும் ஓரத்திலிருந்தும் எடுக்காமல், நடுவிலிருந்து எடுத்து, தார்ப்பாயில் மெல்லப் பரப்பி இரண்டு நாள் சுள்ளென்ற வெயிலில் காயவைத்து, மூடியுள்ள டின்னில் போட்டு வைக்க வேண்டும். எலிக்காய்ச்சல் கிருமி ஈரத்தில் வாழ்வது. நன்றாகக் காய்ந்தால் தாங்காது. அறுவடைக்குச் சற்று முன்பு மருந்து அடித்த வயலின் வைக்கோல் என்றால் எடுக்கவே வேண்டாம்.

வாசகர் கடிதத்தின் கடைசி வரியில் சொன்ன விஷமும் இங்கேதான் வருகிறது. துத்தநாக பாஸ்பைடு கலந்த பொரியும், புரோமோடையலோன் வில்லையும் வெள்ளை எலிக்கும் அகழானுக்கும் வித்தியாசம் பார்ப்பதில்லை. உமிச் சாக்கும் மருந்து டப்பாவும் ஒரே அறையில் இருக்கக் கூடாது. விஷம் கலந்த முறமும் கரண்டியும் கூளம் புடைக்க வரக் கூடாது. வயலில் விஷம் வைத்து வந்த நாளில் சோப்புப் போட்டுக் குளித்து உடை மாற்றாமல் கூண்டுப் பக்கம் போகாமல் இருப்பது எலிக்கும் நல்லது, பையனுக்கும் நல்லது.

சுத்தம் செய்வதில் ஒரு சூட்சுமம் உண்டு. எலி பெரும்பாலும் ஒன்றிரண்டு மூலைகளில்தான் சிறுநீர் கழிக்கும். தினமும் அந்த மூலையை மட்டும் கரண்டியால் அள்ளிவிட்டுப் புதுக் கூளம் போட்டால், வாரம் ஒருமுறை பெரிய மாற்றம் போதும். அப்போது கூளத்தை மாற்றலாம்; ஈரமில்லாத பழைய கூட்டை மட்டும் அப்படியே எடுத்துத் திரும்ப வைக்க வேண்டும். கூட்டின் வாசனை இருந்தால் எலிகள் அமைதியாக இருக்கும். எல்லாவற்றையும் வழித்து எடுத்தால் அன்றிரவே புதிதாக மூலைக்கு மூலை குறி வைக்கத் தொடங்கும், நாற்றம் முன்பைவிடக் கூடும். கிடாக்கள் சேர்ந்திருந்தால் சண்டையும் வரும். பெட்டியைச் சோப்புத் தண்ணீரில் கழுவி வெயிலில் காயவைத்தால் போதும். பினாயில் வேண்டாம். பாச்சை உருண்டையும் கற்பூரமும் பெட்டிக்குப் பக்கத்திலேயே வரக் கூடாது. கூளம் மாற்றும்போது மூக்கில் துணி கட்டிக்கொண்டு, முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். கர்ப்பிணிகள் இந்த வேலையைச் செய்ய வேண்டாம்.

இப்போது அந்த ஏழு குட்டிகள். சினைக்காலம் 19 முதல் 21 நாள். குட்டி போட்ட ஒரு நாளுக்குள் தாய் மறுபடி சினையாகும். தகப்பன் எலி அதே தொட்டியில் இருந்திருந்தால், அடுத்த ஈத்து இப்போதே வயிற்றில் இருக்கும் என்று எடுத்துக்கொண்டு இன்றைக்கே அதைத் தனிப் பெட்டிக்கு மாற்ற வேண்டும். மூச்சு நோய் வந்தது அதற்கா தாய்க்கா என்று கடிதத்தில் இல்லை. தாய்க்கு என்றால் குட்டிகளைப் பிரிக்காமல், கூட்டோடு மொத்தமாகப் புதுப் பெட்டிக்கு மாற்றிவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். குட்டிகள் நான்கு வாரத்தில் பிரிக்கத் தயாராகும். ஆசனத் துவாரத்துக்கும் பிறப்புறுப்புக்கும் நடுவே உள்ள இடைவெளி ஆணில் ஏறத்தாழ இரண்டு மடங்கு இருக்கும். இரண்டு குட்டிகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பையனே கண்டுபிடிப்பான். ஐந்தாவது வாரத்தைத் தாண்டவிட்டால் ஒன்பது முப்பதாகும். பெருகியதை வயலில் விட்டுவிடலாம் என்ற யோசனை வரும். கூண்டில் பிறந்து, வெள்ளை நிறத்தோடு, ஆந்தைக்கும் பூனைக்கும் நடுவில் அது ஓர் இரவு தாங்குவது கடினம். தாங்கி நாட்டுச் சுண்டெலியோடு சேர்ந்தால் அதுவும் நெல்லைத்தான் தின்னும்.

சித்திரை, வைகாசி வெயிலுக்கு ஒரு வார்த்தை. எலிக்கு வியர்க்காது, நாயைப் போல இரைத்து வெப்பத்தை வெளியேற்றவும் தெரியாது. தகரக் கூரைக்கு அடியில் மூடிய பெட்டி மத்தியானத்தில் உயிரைப் பறித்துவிடும். மண் கலயத்தின் குளிர்ச்சி நிறைய உதவும். பெட்டியின் ஒரு பாதிக்கு மேல் மட்டும் ஈரச் சாக்கைப் போட்டு, மறுபாதி வலையைத் திறந்தே விடலாம். எலி தனக்கு வேண்டிய பக்கத்தைத் தானே தேர்ந்துகொள்ளும்.

கழித்த கூளம் என்ன ஆகும் என்று இன்னும் சில வாசகர்கள் கேட்கக்கூடும். காகிதம், உமி, கட்டை நொய், தழைச்சத்து ஏறிய சிறுநீர்: எல்லாம் மக்குவதற்கு உகந்தவை. அப்படியே கீரைப் பாத்தியில் கொட்டக் கூடாது. சாணத்தோடு அடுக்கி, ஈரம் காத்து, சூடேறி அடங்கும்வரை குழியில் விட்டு, மூன்று மாதமாவது கழித்து மரப்பயிருக்கோ மக்காச்சோள வயலுக்கோ போடலாம். குழியோரத்தில் வளை தெரிந்தால் வாரம் ஒருமுறை மண்வெட்டியால் புரட்டிவிட வேண்டும். புரண்டுகொண்டே இருக்கும் இடத்தில் எலி குடியேறாது.